கலைச்சொல் வேண்டல்: ‘ஸ்டாக்கர்வேர்’ – ஒட்டுக்கேட்பா, உளவா, வேவா?

அனைவருக்கும் வணக்கம்.

கைப்பேசிப் பாதுகாப்புக் கையேட்டுத் தமிழாக்கத்தில் ‘ஸ்டாக்கர்வேர்’ (ஒருவர் போனில் அவருக்குத் தெரியாமல் நிறுவி அவரைப் பின்தொடரும் செயலி) வரும் இடமெல்லாம் ‘ஒட்டுக்கேட்பு மென்பொருள்’ என்று இருக்கிறது. மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. ஒட்டுக்கேட்பவர் இருவருக்கு நடுவில் காது வைப்பவர். தொலைபேசிக் கம்பிக் காலத்துக்கு அது பொருந்தியது. வாட்ஸாப்பில் முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புபவர், பெறுபவர் சாதனங்களில் மட்டும் படிக்க முடிகிற பூட்டு) 2016 ஏப்ரலிலேயே எல்லோருக்கும் வந்துவிட்டது. நடுவில் காது வைத்தவருக்கு இன்று உள்ளடக்கம் கிடைக்காது. இந்தச் செயலிகள் நடுவில் நிற்பதே இல்லை. மறை நீங்கித் திரைக்கு வந்த எழுத்தை, போனுக்குள் உட்கார்ந்தே படிக்கின்றன.

‘மறையுடைப்பு நிரல்’ என்ற முன்மொழிவு இன்னும் மோசம். மறையாக்கம் உடைந்தது என்று நம்புகிறவர் வாட்ஸாப்பை விட்டுச் சிக்னல் என்ற இன்னொரு செய்திச் செயலிக்குப் போவார். அதே போனில் மாறி என்ன பயன்?

————

> போனுக்குள் உட்கார்ந்தே படிக்கின்றன

சரிதான் ஐயா. எப்படிப் படிக்கின்றன என்று பிரித்துப் பார்த்தால் சொல்லும் தெளியும்.

ஆண்ட்ராய்டில் முதன்மையான வழி ஆக்சசிபிலிட்டி சேவை. பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் டாக்பேக் எந்த அனுமதியில் ஓடுகிறதோ, அதே அனுமதிதான். அதைப் பெற்ற செயலிக்குத் திரையில் உள்ள எழுத்துகள் எழுத்தாகவே கிடைக்கும். சிக்னலில் ‘திரைப் பாதுகாப்பு’ போட்டால் திரைப்பிடிப்பு எடுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அது படத்தைத்தான் தடுக்கிறது, இந்த வழியைத் தடுப்பதில்லை. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

இரண்டாவது, அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதி. செய்தி வந்ததும் மேலே தோன்றும் வரி அப்படியே நகலாகிவிடும். அனுப்பியவர் பிறகு அழித்தாலும், மறையும் செய்தியாக வைத்திருந்தாலும், எடுத்த நகல் எடுத்ததுதான். சிக்னலின் அறிவிப்பு அமைப்பில் பெயரும் செய்தியும் காட்டாதபடி வைத்தால் இந்த ஒரு வாசல் மட்டும் அடைபடும். வேறு விசைப்பலகை நிறுவுவது மூன்றாவது வழி. தட்டச்சிடுவது மட்டும் அதில் சிக்கும், வருவது சிக்காது. செயலியின் தரவுத்தளத்தையே நேராகத் திறக்க ரூட் (போனின் முழுக் கட்டுப்பாட்டு உரிமை) வேண்டும் என்பதால் இவ்வகைச் செயலிகள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போவதில்லை.

ஆண்ட்ராய்டு 13 முதல், ப்ளே ஸ்டோருக்கு வெளியே கோப்பாக இறக்கி நிறுவிய செயலிக்கு முதல் இரண்டு அனுமதிகளையும் எளிதில் தர முடியாது. ஆனால் செயலித் தகவல் பக்கத்து மூன்று புள்ளிப் பட்டியலில் ‘கட்டுப்படுத்திய அமைப்புகளை அனுமதி’ என்று ஒன்று இருக்கிறது. திறந்த போனைச் சில நிமிடம் கையில் வைத்திருப்பவருக்கு அது தடையே அல்ல. ஆகவே இதன் இலக்கணம்: போனைக் கையில் எடுத்து நிறுவியவர் ஒருவர் உண்டு, அவர் பெரும்பாலும் வீட்டார்.

‘உளவுநிரல்’ என்பதை, அரசுகளுக்கு விற்கப்படும் பெகாசஸ் வகைக்கே விட்டுவிடுவோம். 2019 மே மாதம் வெளிவந்த பெகாசஸ் தாக்குதலில் வாட்ஸாப் அழைப்பைக் கையாளும் நிரலின் ஓட்டை வழியாகச் சுமார் 1,400 பேர் குறிவைக்கப்பட்டார்கள். யாரும் அவர்கள் போனைத் தொடவில்லை. அங்கும் மறையாக்கம் உடையவில்லை என்பது வேறு கதை.

————

உளவுக்கு ஒற்று என்ற பழஞ்சொல் இருக்க, ஏன் அலைய வேண்டும்? குறளில் ஒற்றாடல் என ஓர் அதிகாரமே (59) உண்டு. ‘ஒற்றுச்செயலி’ என்கிறேன்.

மலையகத்திலிருந்து ஒரு மாற்றுச் சொல்லும்: ‘கங்காணிச் செயலி’. யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

————

> ஒற்றுச்செயலி

ஐயா, இதைக் கேட்டதும் சந்திப்பிழை திருத்தும் செயலி என்றுதான் நம்மில் பாதிப் பேர் நினைப்போம்! க், ச், த், ப் போடுவதற்கு ஏற்கெனவே அந்தச் சொல் போய்விட்டது.

கங்காணி அருமை, ஆனால் தோட்டத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரிய நின்றவர் அவர். அலுவலகம் தந்த போனில் இருக்கும் நிர்வாக நிரலுக்குப் பொருந்தும். நாம் பேசுவது ‘சிஸ்டம் சர்வீஸ்’ மாதிரிப் பெயர் பூண்டு ஒளிந்திருப்பது. ‘கண்காணிப்புச் செயலி’யும் கூடாது, விற்பவர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொள்ளும் பெயர் அது. பெற்றோருக்கான கூகுளின் ஃபேமிலி லிங்க் போல, தான் இருப்பதைக் காட்டிக்கொண்டு இயங்கும், செய்தியைப் படிக்காத கருவிகளுக்கு அது இருக்கட்டும்.

‘வேவுச்செயலி’ போதும். வேவு பார்ப்பது ஒளிந்தே நடக்கும். பேச்சிலும் உள்ள சொல்.

————

வேவுச்செயலிக்கு என் வாக்கும். ஆனால் செயலியே இல்லாத வேவு உண்டே? வாட்ஸாப்பில் ‘இணைத்த சாதனங்கள்’ வழியாக நான்கு சாதனங்கள் வரை சேர்க்கலாம். குறியீட்டை ஒருமுறை ஸ்கேன் செய்துவிட்டால் இன்னொருவர் கணினியும் முறைப்படியான ஒரு முனைதான். மறையாக்கமே அவருக்கும் கொண்டுபோய்க் கொடுக்கும். போனில் எதைத் தேடினாலும் அகப்படாது, அந்தப் பட்டியலைத் திறந்து தெரியாத சாதனத்தை வெளியேற்றினால்தான் உண்டு. ஐஃபோனிலும் பல நேரம் செயலி இருக்காது. ஐகிளவுட் கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு காப்புநகலை இழுப்பார்கள்.

அதனால் செயலுக்குத் தனிச்சொல்: ‘முனைவேவு’. அதற்குரிய கருவிகளில் ஒன்று வேவுச்செயலி.

————

> காப்புநகலை இழுப்பார்கள்

அது முனையில் நடப்பதில்லையே. மேகத்தில் கிடக்கும் நகல் மூன்றாவது இடம். 2021 அக்டோபர் முதல் வாட்ஸாப் காப்புநகலுக்கும் மறையாக்கம் தருகிறது. கடவுச்சொல்லோ 64 இலக்கத் திறவுகோலோ வைத்துக்கொள்ளலாம், ஆனால் பயனரே இயக்க வேண்டும். முனைவேவு என்று இதையும் அழைத்தால் வாசகர் போனைத் துடைத்துவிட்டுக் கணக்கை மறந்துவிடுவார். ‘நகல்வேவு’ என்று பிரிக்கலாமா?

கையேட்டின் நீக்கும் படிகளில் ஒரு திருத்தமும் வேண்டும். ‘வேவுச்செயலியை நிறுவல்நீக்கவும்’ என்று ஒற்றை வரியாக இருக்கிறது. அந்தச் செயலி பெற்றிருக்கும் சாதன நிர்வாகி உரிமையை (போன் அமைப்புகளை ஆளும் சிறப்பு அனுமதி) முதலில் பறிக்காவிட்டால் பல போன்களில் நீக்கும் பொத்தான் வேலை செய்யாது. நீக்கியதும் தரவு நின்றுபோவதால் நிறுவியவருக்கும் தெரிந்துவிடும், சான்றும் போய்விடும். வீட்டில் அடிதடி இருக்கும் இடத்தில் இது ஆபத்து. ‘வேறொருவர் போனிலிருந்து முதலில் உதவி கேளுங்கள், அனுமதிப் பக்கங்களை வேறு கேமராவால் படமெடுத்து வையுங்கள், தீய செயலிகளைத் தேடும் ப்ளே ப்ரொடெக்ட் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள், பிறகு நீக்குங்கள்’ என்ற வரிசையில் எழுதித் தருகிறேன். நகல்வேவுக்கு மறுப்பிருந்தால் அதற்குள் சொல்லிவிடுங்கள்.