தொட்டிக் காய்கறிக்கு வீட்டு உரம்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தூத்துக்குடியிலிருந்து:

மாடியில் தக்காளி, கத்தரி, வெண்டை, கீரை எல்லாமே க்ரோ பேக்கில்தான், அதாவது மண் நிரப்பிச் செடி வளர்க்கும் பையில்தான் இருக்கின்றன. எங்கள் ஊரில் மீனுக்குப் பஞ்சமில்லை. அதனால் நான் பெரிதும் நம்புவது மீன் அமிலத்தைத்தான். சாளை வாங்கும் அன்று தலை, செவுள், குடல் எதையும் வீசுவதில்லை. கழிவு எவ்வளவோ அதே எடைக்கு வெல்லத்தைத் தட்டிப் போட்டுப் பிசைந்து, பிளாஸ்டிக் டப்பாவில் முக்கால் அளவு நிரப்பி, இறுக மூடி நிழலில் வைத்துவிடுவேன். அவ்வப்போது மூடியைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் டப்பா உப்பிவிடும். மூன்று நான்கு வாரத்தில் தேன் நிறத்தில் நீர் பிரிந்து நிற்கும். முகர்ந்து பார்த்தால் மீன் வாடை இருக்காது, பழுத்த பழத்தின் மணம் வரும். அந்த மணம்தான் பக்குவம். அழுகல் நாற்றம் வந்தால் வெல்லம் பற்றவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள்.

வடிகட்டியபின் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து, வெயில் தாழ்ந்ததும் இலையில் தெளிப்பேன். இளநாற்றுக்கு 2 மில்லியே போதும். இதில் தழைச்சத்து அதிகம். கீரைக்கு அருமையாக இருக்கும். ஆனால் தக்காளியும் கத்தரியும் மொட்டு வைத்ததும் இதைக் குறைத்துவிட வேண்டும். இல்லையென்றால் செடி தளதளவென்று நிற்கும், காய் இருக்காது.

கோவையிலிருந்து:

அக்கா, மொட்டு வைத்தபிறகு நான் தேமோர் கரைசலுக்கு மாறிவிடுவேன். நாங்கள் மீன் சேர்ப்பதில்லை, அதனால் வீட்டில் எப்போதும் இதுதான். புளித்த மோரும் தேங்காய்ப்பாலும் சம அளவு கலந்து, மண்பானையில் ஒரு வாரம் புளிக்க விட வேண்டும். தினமும் ஒருமுறை கலக்கிவிடுவேன். லிட்டருக்கு 100 மில்லி கலந்து தெளிக்கலாம். தெளிப்பானில் ஊற்றுமுன் மெல்லிய துணியில் வடிகட்டிவிடுங்கள், தேங்காய்த் திப்பி மூக்கை அடைத்துவிடும். கத்தரியில் பூ கொட்டுவது எனக்கு இதனால்தான் குறைந்தது. நல்ல வெயில் காலத்தில் மட்டும் எது தெளித்தாலும் கொஞ்சம் பூ உதிரத்தான் செய்கிறது.

சென்னையிலிருந்து:

வணக்கம். தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்துப் போகிறது. சுண்ணாம்புச்சத்துக் குறைவு என்று சொன்னார்கள், முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். பலனே இல்லை. வேறு என்ன செய்யலாம்?

தூத்துக்குடியிலிருந்து:

முட்டை ஓட்டில் சுண்ணாம்பு இருப்பது உண்மைதான் தம்பி. ஆனால் அது மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும். இன்று போட்டது இந்தக் காய்க்கு உதவாது. மண் நிரப்பும்போதே நன்றாக மாவாக்கிக் கலந்துவிடுங்கள். இப்போது தண்ணீரைக் கவனியுங்கள். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால், மண்ணில் சத்து இருந்தும் காய்க்குப் போய்ச் சேராது. காலையில் விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள், உள்ளே ஈரம் இல்லையென்றால் ஊற்றுங்கள். மேலே காய்ந்த சருகோ தேங்காய் நாரோ பரப்பினால் ஈரம் நிற்கும்.

தண்ணீர் ஊற்றியதும் பையின் அடித்துளை வழியே டீ நிறத்தில் ஒழுகுமே, அதோடு சத்தும் போகிறது. தரையில் நிற்கும் செடி வேரை நீட்டித் தேடிக்கொள்ளும், பைச் செடிக்கு நாம் கொடுப்பது மட்டும்தான். அதனால் எந்த உரமானாலும் கொஞ்சம் கொஞ்சமாக, பத்து நாளுக்கு ஒருமுறை கொடுங்கள். கடலைப் புண்ணாக்கை அப்படியே மேலே தூவாதீர்கள், பூஞ்சை பிடிக்கும், எறும்பு வரும். இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்த நீரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். பைக்கு அடியில் ஒரு தட்டு வைத்து, ஒழுகியதை மறுபடி அதே பையில் ஊற்றிவிடுங்கள். அடுத்த கொத்துக் காய் எப்படி வருகிறதென்று கட்டாயம் வந்து சொல்லுங்கள் தம்பி.