குரக்கன் பிட்டு எண்டா எவ்வளவும் சாப்பிடலாம் எண்டு நினைச்சம்

அம்மாக்கு சீனி வருத்தம் வந்து ஏழு வருஷம். நாங்கள் உப்புவெளிப் பக்கம், வீட்டில முழுச் சைவம். "உங்களுக்கென்ன, மரக்கறிதானே" எண்டு அயலுக்குள்ள சொல்லுவினம். நாங்களும் அப்பிடித்தான் நம்பியிருந்தம். அரிசிமாப் பிட்டை நிப்பாட்டி, ரெண்டு நேரமும் குரக்கன் பிட்டு. அம்மா மூண்டு நாலு துண்டு வைப்பா, பக்கத்தில கதலிப்பழம். கிளினிக்கில பாத்தா பாஸ்டிங், அதாவது வெறுவயித்தில பாக்கிற சீனி, 182. அம்மா அழுதே போட்டா.

வரிசையில பக்கத்தில இருந்த மூதூர் அக்காதான் கேட்டா, "எத்தின துண்டு சாப்பிடுறீங்கம்மா?" எண்டு. அந்தக் கேள்வி எங்களுக்கு அதுவரை வரவேயில்லை. 100 கிராம் குரக்கன் மாவில மாச்சத்து மட்டும் 70 கிராம் அளவில இருக்கு. நார்ச்சத்து கூடத்தான், அதுக்காக அளவில்லாமல் சாப்பிடேலாது.

இப்ப ஒரு துண்டு பிட்டுத்தான். அதிலயும் அவிச்ச பயறு ஒரு பிடி கலந்து அவிப்பன். சாப்பாட்டுக் கோப்பையில அரைவாசிக்கு முருங்கையிலை வறை, மிச்சத்துக்குக் கடலையோ பருப்போ. அம்மா முதல்ல வறையைச் சாப்பிட்டிட்டுத்தான் பிட்டில கை வைப்பா. வறைக்கு இலையில ஈரம் இருக்கக் கூடாது. வெங்காயம், பச்சைமிளகாய் வதங்கினாப் பிறகு இலையைப் போட்டு மூடாமல் கிளறி, தேங்காய்ப்பூ ஒரு பிடி. தேசிக்காய்ப்புளி அடுப்பால இறக்கினாப் பிறகுதான், இல்லாட்டிக் கைக்கும். அடுத்த முறை பாஸ்டிங் 128.

ஒண்டை மறைக்காமல் சொல்ல வேணும். ஒரு வெள்ளிக்கிழமை விரதமெண்டு அம்மா சீனியைக் குறைக்கிற கிளிக்ளசைட் குளிசையைப் போட்டு, பாவற்காய்ச் சாறும் குடிச்சிட்டு வெறுவயித்தோட கோணேசர் கோயிலுக்கு வந்தா. ஏத்தத்தில வேர்த்துக் கொட்டி, கை நடுங்கத் தொடங்கிட்டுது. கடைக்காரத் தம்பி ஓடிவந்து சீனித் தண்ணி கரைச்சுத் தந்தார். அந்தப் பிள்ளை நல்லா இருக்க வேணும். சீனி இறங்கினாலும் ஆபத்துத்தான். குளிசை போட்டிட்டுப் பட்டினி இருக்கவே கூடாது எண்டு டொக்டர் பிறகு விளங்கப்படுத்தினார். விரதம் எண்டால் குளிசையை என்ன செய்யிறதெண்டு முதலே அவரிட்டக் கேளுங்கோ.

*

தம்பலகாமத்தில இருந்து எழுதுறன். எங்கட வயல் நெல்லைத் தீட்டாமல் சிவப்பரிசியாத்தான் சமைக்கிறம். அப்பாக்குச் சோத்தைக் குறைக்கிறதுதான் பெரிய பாடு. வாழைப்பொத்தி வறையும் வல்லாரைச் சம்பலும் கூட வைச்சா, சோறு குறைஞ்சது அவருக்குத் தெரியிறதில்லை.

*

அக்கா, ஒரு சொல். என்ர மாமிக்கு சீனியோட கிட்னியும் பழுது. பொட்டாசியம் கூடுதெண்டு கீரையையும் பருப்பையும் குறைக்கச் சொல்லியிருக்கினம். கிட்னி வருத்தம் இருக்கிற ஆக்கள் இதைப் பாத்து அப்பிடியே செய்யாமல், கிளினிக்கில கேட்டுப் போட்டுச் செய்யுங்கோ.

*

நல்ல காலம் சொன்னீங்கள் தங்கச்சி. அம்மாக்கும் கிட்னிச் சோதனை செய்து ஒரு வருஷத்துக்கு மேல. வாற கிளினிக்கில கட்டாயம் கேக்கிறன்.