நின்ற பஸ்ஸுக்கு முன்னாலிருந்து ஆள் ஓடி வந்தால் பிரேக்கா, ஸ்டியரிங்கா?

கேள்வி (புது ஓட்டுநர்):
மேனுவல் கார், ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு) உண்டு. ஸ்டாப்பில் நிற்கிற பஸ்ஸை 50 வேகத்தில் தாண்டும்போது, அதன் முன்பக்கமிருந்து யாராவது சட்டென்று ஓடி வந்தால் திருப்புவதா, பிரேக் அடிப்பதா? கிளட்ச் எப்போது?

பதில் (வலதுகை):
பிரேக்தான். அந்த ஆள் இடமிருந்து வலமாக ஓடுகிறார். நீங்கள் வலப்பக்கம் ஒடித்தால் அவர் போகிற திசையிலேயே போவீர்கள், எதிரே லாரியும் வரலாம். இடப்பக்கம் பஸ் நிற்கிறது. பயத்தில் அவர் திரும்பி ஓடவும் கூடும்.

பிரேக்கையும் கிளட்சையும் சேர்த்து, ஒரே மிதியாக அடிவரை மிதியுங்கள். இன்ஜின் ஆஃப் ஆனாலும் கவலை வேண்டாம், பெடலை மட்டும் விடாதீர்கள். விட்டு விட்டு மிதித்தால், உங்கள் மிதிக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் (வெற்றிடம்) தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். ஏபிஎஸ் வேலை செய்யும்போது காலடியில் கரகரவென்று அதிரும். ஏதோ உடைந்துவிட்டது என்று பலர் காலைத் தளர்த்துவது அங்கேதான். தளர்த்தவே கூடாது.

பதில் (டயர்கடை):
வேகத்தையும் பாருங்க சார். சுதாரிக்க ஒன்றரை நொடி என்று வைத்தால், காய்ந்த ரோட்டில் 40-ல் வருகிற கார் நிற்க ஏறக்குறைய 26 மீட்டர், 50-ல் 35 மீட்டர். அதாவது 40-ல் வந்த கார் முழுசாக நின்றுவிட்ட இடத்தை, 50-ல் வந்த கார் இன்னும் 40 வேகத்தில் கடக்கும்! அதனால் பஸ்ஸை நெருங்கும்போதே 30-க்கு இறக்கி, காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்து பிரேக் மேல் வைத்திருங்கள். ஹாரன் அடிக்கலாம், ஆனால் அதை நம்பி பிரேக்கைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி (புது ஓட்டுநர்):
அப்பாவின் பழைய காரில் ஏபிஎஸ் இல்லையே?

பதில் (வலதுகை):
அதில் சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி நேராகவே சறுக்கும். கிறீச்சென்று சத்தம் வந்ததும் பெடலைக் கொஞ்சமாகத் தளர்த்தி, சக்கரம் உருள ஆரம்பித்ததும் மறுபடி அழுத்துங்கள். ஆளில்லாத மைதானத்தில் 30 வேகத்தில் இரண்டு வண்டியிலும் பழகுங்கள். பெடலை முழுசாக மிதித்தபோதும் முழங்கால் லேசாக மடங்கியிருக்கிற மாதிரி சீட்டை முதலில் தள்ளி வையுங்கள். தரையில் தண்ணீர் பாட்டில் உருளக் கூடாது, பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கும்.