சீலர் அடித்த மார்பிளில் எலுமிச்சைத் தடம்: கல் போலியா?

புதுவீட்டுக்காரன்:
சமையலறை மேடைக்கு வெள்ளை மார்பிள் போடலாம் என்று சாம்பிள் துண்டு ஒன்று வாங்கி வந்தேன். சீலர் அடித்த கல், எதுவும் ஒட்டாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். சோதித்துப் பார்ப்போமே என்று எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் துடைத்தேன். அந்த இடம் மட்டும் மங்கி வட்டமாக நிற்கிறது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. ஏமாற்றிவிட்டார்களா? வெளிச்சுவருக்கும் இதையே ஒட்டுவதாக இருந்தேன்.

கல்வேலைக்காரன்:
கல்லில் ஏமாற்று இல்லை சார், பேச்சில்தான். சுண்ணாம்புக்கல் பூமிக்கடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் கிடந்து மறுபடி படிகமானதுதான் மார்பிள். பெரும்பாலும் கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட். புளிப்பு பட்டால் கல்லே கரையும்.

சாம்பிளைச் சாய்த்து, விளக்கு வெளிச்சம் வழுக்கிப் போகிற மாதிரி பிடித்துப் பாருங்கள். வட்டத்துக்குள் நிறம் மாறியிருக்காது, மினுமினுப்பு மட்டும் அறுந்திருக்கும். நகத்தால் வருடினால் லேசாகச் சொரசொரக்கும். அது கறை இல்லை, தழும்பு. எண்ணெயோ சாயமோ உள்ளே இறங்கி நிறம் மாறினால்தான் கறை. சீலர் நுண்துளைக்குள் போய் அந்த உறிஞ்சலைத்தான் தாமதப்படுத்தும். மேல்பரப்பை அமிலம் தின்பதை அது தடுக்காது. "எதுவும் ஒட்டாது" என்று விற்கிறார்களே, அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கீறலும் விழும். கடினத்தைக் காட்டும் மோஸ் அளவில் கால்சைட் 3, கிரானைட்டில் இருக்கிற குவார்ட்ஸ் 7. செருப்பில் ஒட்டி வரும் மணலும் பெரும்பாலும் குவார்ட்ஸ்தான், தரைக்கு அதுதான் எமன். மேடைக்கு மார்பிளே வேண்டும் என்றால் கண்ணாடிப் பாலிஷ் வேண்டாம், பளபளப்பில்லாமல் மழமழவென்று மட்டும் தேய்த்த ஹோன்டு ஃபினிஷ் கேளுங்கள். தழும்பு அதிலும் விழும், ஆனால் கண்ணை உறுத்தாது. அடியில் வெள்ளை சிமெண்ட் அல்லது வெள்ளை அட்ஹெசிவ் போடச் சொல்லுங்கள். சாம்பல் சிமெண்ட் வைத்தால் மெல்லிய வெள்ளைக் கல்லில் நிழல் தட்டும்.

வரைபலகை:
வெளிச்சுவருக்கு நான் யோசிப்பேன். ஹெல்சின்கியில் ஆல்வார் ஆல்டோ வடிவமைத்த ஃபின்லாந்தியா மண்டபம் 1971-இல் திறந்தது. ஒட்டியிருந்த இத்தாலியின் கராரா மார்பிள் பலகைகள் வளைந்துபோக, 1990-களின் கடைசியில் எல்லாவற்றையும் மாற்றினார்கள். மறுபடியும் கராராவே போட்டார்கள், அதுவும் வளைந்தது! சிகாகோவின் அமோகோ கோபுரத்திலும் இதே கதை. 1990-களின் தொடக்கத்தில் மார்பிளைக் கழற்றிவிட்டு கிரானைட் ஏற்றினார்கள்.

கால்சைட் படிகம் சூடானால் ஒரு பக்கம் நீளும், குறுக்கே சுருங்கும். வெயில், குளிர், ஈரம் என்று மாறி மாறிப் பட்டால் படிகங்களுக்கிடையே பிடி தளர்ந்து, மெல்லிய பலகை வளைந்துவிடும். தடித்த கல்லாகக் கட்டுவது வேறு விஷயம்.

புதுவீட்டுக்காரன்:
சரி, வெளிச்சுவருக்குக் கிரானைட்தான். பாத்ரூமுக்குப் பச்சை மார்பிள் பார்த்தேன், அது எப்படி? அப்புறம் அந்த வட்டம் போகுமா?

கல்வேலைக்காரன்:
பச்சை மார்பிள் என்று விற்பதில் பெரும்பகுதி சர்பென்டைன் என்ற வேறு கனிமம், கால்சைட் இல்லை. தண்ணீர் கலந்த கலவையில் ஒட்டினால் சில வகை வளைந்துகொள்ளும், தண்ணீர் சேராத எப்பாக்சி பசையில் ஒட்டச் சொல்லுங்கள். எந்தக் கல்லானாலும் ஆசிட் கிளீனரை உள்ளே விடாதீர்கள்.

வட்டம் போகும். வைரத்தூள் பதித்த நைசான டைமண்ட் பேட், பிறகு மார்பிள் பாலிஷ் பவுடர் போட்டு ஈரத்தோடு தேய்த்தால் மினுமினுப்பு திரும்பிவிடும். சாம்பிள் துண்டுதானே, நீங்களே தேய்த்துப் பாருங்கள். மேடை முழுக்க இந்த வேலை செய்ய மனசு வருமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.