ஒரு டொமைன் வருது, இன்னொண்ணு 502. அவசரம்!

ராயபுரம்_ராக்கெட் | காலை 10:42
காசிமேட்டுல மாமாவோட மீன்வலைக் கடை. கடை பிசிலயே டாக்கர்ல (ஒவ்வொண்ணையும் கன்டெய்னர்ங்கற தனிப் பெட்டியில ஓட்டுறது) ரெண்டு ஆப், வர்றவங்களைச் சரியான ஆப்புக்கு அனுப்ப முன்னாடி என்ஜின்எக்ஸ். கடை டொமைன் அடிச்சா சூப்பரா வருது, பில் டொமைன் அடிச்சா 502 (பின்னாடி ஆப்கிட்டேருந்து சரியான பதில் வரலைங்கற எரர்). ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் எழுதிருக்கேன். மாமா பின்னாடியே நிக்கிறாரு, சீக்கிரம் சொல்லுங்க.

மணலி_லினக்ஸ் | 10:50
என்ஜின்எக்ஸ் கன்டெய்னர்லயா, நேரா பிசிலயா? எந்த ஆப்புக்கு அனுப்பணும்னு சொல்ற ப்ராக்ஸி_பாஸ் வரி என்ன? எரர் லாக்? இதெல்லாம் இல்லாம ஜோசியம்தான் பாக்கணும்.

பேசின்பிரிட்ஜ்_பைட் | 10:57
ரவுட்டர்ல வான் ஐபி (வெளி நெட்டு பக்க முகவரி) பாரு. 100.64னு ஆரம்பிச்சா சிஜிநாட், ஒரே வெளி ஐபிய பல பேருக்குப் பங்கு போடுறது, வெளியிலேருந்து நேரா உள்ள வர முடியாது. எனக்கு அதான் பிரச்சனை.

மணலி_லினக்ஸ் | 11:01
502 குடுக்குறதே என்ஜின்எக்ஸ்தானே? ஆளு வாசல் வரைக்கும் வந்துட்டான், உள்கதவுதான் தொறக்கல. சிஜிநாட்னா கடை டொமைனும் வராது.

பேசின்பிரிட்ஜ்_பைட் | 11:03
எதுக்கும் பாக்கச் சொல்லுங்க.

பழைய_பெஞ்சு | 11:10
மாசம் மூணு தடவை இதே கேள்வி. தேடல் பெட்டிய அழகுக்கு வெக்கல தம்பி.

ராயபுரம்_ராக்கெட் | 11:24
எல்லாமே கன்டெய்னர்தான். பில்லுக்கு லோக்கல்ஹோஸ்ட்:8082. லாக்ல ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு’. ஆனா பிரவுசர்ல பிசி ஐபி போட்டு 8082 அடிச்சா பில் வருதே!

கொருக்குப்பேட்டை_கம்போஸ் | 11:29
கன்டெய்னருக்குள்ள லோக்கல்ஹோஸ்ட்னா அந்தக் கன்டெய்னரேதான், உன் பிசி இல்ல. அதுக்குப் பதிலா பில் கன்டெய்னரோட பேரைப் போட்டு என்ஜின்எக்ஸை ரீஸ்டார்ட் பண்ணு.

ராயபுரம்_ராக்கெட் | 11:41
போட்டேன். இப்ப ரெண்டு சைட்டும் போச்சு!!! ‘ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட் இன் அப்ஸ்ட்ரீம்’னு சொல்லிட்டு என்ஜின்எக்ஸ் எழவே மாட்டேங்குது

வியாசை_வெப் | 11:44
பேசாம என்ஜின்எக்ஸுக்குப் பதிலா கேடி போடு. ரெண்டு வரி, சர்டிஃபிகேட்டும் தானா வாங்கிக்கும்.

பழைய_பெஞ்சு | 11:46
பேரே கேடி, அதை நம்பி கடையைக் குடுக்கணுமாம்.

வியாசை_வெப் | 11:47
அண்ணே நீங்க இன்னும் அந்தப் பழைய வெப்சர்வர் அப்பாச்சிதானே?

மணலி_லினக்ஸ் | 11:58
கேடியும் லோக்கல்ஹோஸ்ட் போட்டா இதே 502தான் குடுக்கும், சண்டைய விடுங்க.
ராக்கெட், பில் ஆப் தனி கம்போஸ் ஃபைலா (எந்தெந்த கன்டெய்னரை ஏத்தணும்னு எழுதுற ஃபைல்)? அதை முதல்லயே சொல்லிருக்கலாம். வேற ஃபோல்டர்ல இருந்து ஏத்தினா டாக்கர் அதுக்குத் தனி நெட்வொர்க் போட்டுடும், ஒண்ணோட பேர் இன்னொண்ணுக்குத் தெரியாது. என்ஜின்எக்ஸ் கிளம்பும்போதே எல்லாப் பேரையும் தேடும், ஒண்ணு கெடைக்கலன்னாலும் மொத்தமா படுத்துக்கும். ‘டாக்கர் நெட்வொர்க் கிரியேட் வாசல்’னு ஒண்ணு உருவாக்கு. ரெண்டு ஃபைல்லயும் அதை எக்ஸ்டர்னல்னு (ஏற்கனவே இருக்கறதுன்னு) குடுத்து, சர்வீஸையும் அதுல சேத்துடு.
இன்னொண்ணு, போர்ட் வரி 8082:80ஆ? இடது பக்கம் பிசிக்கு, வலது பக்கம் கன்டெய்னருக்கு. நெட்வொர்க் உள்ளாற போனா 80தான், 8082 இல்ல.

கொருக்குப்பேட்டை_கம்போஸ் | 12:04
தனி ஃபைல்னு எனக்கு எப்படித் தெரியும்? சாரிப்பா. ஆமா, பிசி எங்க இருக்கு, தரையிலயா?

ராயபுரம்_ராக்கெட் | 12:06
கல்லாவுக்குக் கீழ

கொருக்குப்பேட்டை_கம்போஸ் | 12:09
மொதல்ல மேல தூக்கு. 2023 மிக்ஜாம்ல எங்க தெருவுல முட்டி மேல தண்ணி. ரெண்டு சிபியு போச்சு.

வியாசை_வெப் | 12:15
தண்ணி வருஷத்துக்கு ஒரு தடவை, உப்புக்காத்து தினமும். மச்சான் கடை ஃபேன் துருப்பிடிச்சு கரகரன்னு கத்துது. மாசக் காசு போனாலும் வெளிய விபிஎஸ் (வாடகை சர்வர்) எடுக்கறதுதான் நல்லது.

பழைய_பெஞ்சு | 12:18
வலைக்கடைக்கு விபிஎஸ்ஸா? நெட்டு போனா பில்லே போட முடியாது. உள்ளயே இருக்கட்டும்.

பேசின்பிரிட்ஜ்_பைட் | 12:31
வான் ஐபி பாத்தாரா?

ராயபுரம்_ராக்கெட் | மாலை 6:10
வந்துடுச்சு. நெட்வொர்க், அப்புறம் அந்த 80. நன்றிண்ணா

மணலி_லினக்ஸ் | 6:22
சந்தோஷம். பில் கன்டெய்னரை மட்டும் புதுசா ஏத்தினா ஐபி மாறலாம், என்ஜின்எக்ஸ் பழசையே புடிச்சிட்டு நிக்கும். திரும்ப 502 வந்தா என்ஜின்எக்ஸை ரீலோட் பண்ணு. பிசிய மேல தூக்கியாச்சா?

எண்ணூர்_எக்ஸ்பிரஸ் | 9 நாள் கழித்து
எனக்கும் இதே 502தான் சார், ஒரு சைட்டு மட்டும். அர்ஜென்ட்

மணலி_லினக்ஸ் | 9 நாள் கழித்து
கம்போஸ் ஃபைல் ஒண்ணா, ரெண்டா?