‘ஏ.ஐ.’ படம் பார்த்தவர்கள் யார் மேல் கோபப்பட்டார்கள்?

ஸ்பீல்பெர்க்கின் ‘ஏ.ஐ.’ 2001 ஜூன் மாதக் கடைசியில் வெளியானது. அதன்பிறகு விதவிதமான ஆட்களோடு உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டேன். படம் முடிந்ததும் அழுதவர்கள் உண்டு, பாதியில் தூங்கியவர்கள் உண்டு. எனக்குச் சுவாரசியம் கோபப்பட்டவர்கள்தான். அந்தக் கோபம் பெரும்பாலும் ஒரே ஆள் மேல் போய் விழுகிறது: மோனிக்கா.

கதை மறந்தவர்களுக்காகச் சுருக்கமாக. ஹென்றி, மோனிக்கா தம்பதியின் மகன் மார்ட்டின் தீராத நோயால் உறைநிலையில் வைக்கப்பட்டிருக்கிறான். ஹென்றி வேலை பார்க்கும் நிறுவனம் அன்பு காட்டத் தெரிந்த குழந்தை ரோபோ ஒன்றைச் செய்திருக்கிறது. பெயர் டேவிட். சோதித்துப் பார்க்க ஹென்றி அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறான். சம்பந்தா சம்பந்தமில்லாத ஏழு வார்த்தைகளை வரிசையாகச் சொன்னால், சொன்னவர்மேல் டேவிட் பாசம் வைத்துவிடுவான். அப்புறம் மாற்ற முடியாது. வேண்டாமென்றால் நிறுவனத்திடம் திருப்பித் தரலாம், அவர்கள் அழித்துவிடுவார்கள். மோனிக்கா அந்த வார்த்தைகளைச் சொல்லிவிடுகிறாள். பிறகு மார்ட்டின் பிழைத்து வீடு திரும்ப, நிலைமை மாறுகிறது. ஒருநாள் டேவிட்டைக் காட்டில் இறக்கிவிட்டு அவள் காரை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறாள்.

இந்த இடத்தில் என் அத்தை டிவியைப் பார்த்து, “நீயெல்லாம் ஒரு பொம்பளையா?” என்று கத்தினார். கூட வேலை பார்த்த ஒருவர், “இதுக்கு அவ அந்த ஏழு வார்த்தையைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்” என்று அதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னார். ஹென்றியை யாரும் திட்டவில்லை. மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தப் பையனை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியவன் அவன்தான். பேராசிரியர் ஹாபி பேச்சுக்கே வருவதில்லை. செத்துப்போன தன் மகனின் முகத்தை வைத்து டேவிட்டைச் செய்தவர் அவர். படம் ஆரம்பிக்கும்போதே கூட்டத்தில் ஒரு பெண் அவரிடம் கேட்டுவிடுகிறாள்: ரோபோ ஒரு மனிதரை நிஜமாகவே நேசித்தால், அந்த மனிதருக்கு அதன்மேல் என்ன பொறுப்பு? கடவுள் ஆதாமைப் படைத்ததே தன்னை நேசிப்பதற்குத்தானே என்று ஏதோ சொல்லி மனிதர் நழுவிவிடுகிறார்.

உங்களோடு பார்த்தவர்கள் என்ன செய்தார்கள்? விமர்சனம், மதிப்பெண்ணெல்லாம் வேண்டாம். யார் எந்த இடத்தில் என்ன சொன்னார்கள், எப்போது எழுந்து போனார்கள், அதைச் சொல்லுங்கள்.

—

வெளியான சமயத்தில் தியேட்டரில் பார்த்தவன் நான். நிறையப் பேர் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். காரணம் எளிது: ஸ்பீல்பெர்க் பெயர், போஸ்டரில் சின்னப் பையன். அந்தப் பையன் ஹேலி ஜோயல் ஆஸ்மென்ட், 1999-ல் பேய்கள் கண்ணுக்குத் தெரியும் சிறுவனாக நடித்து உலகத்தையே மிரட்டியிருந்தான். வேற்றுக்கிரகவாசியோடு சைக்கிளில் பறக்கிற மாதிரி ஒரு படத்தை எதிர்பார்த்து வந்த கூட்டம் அது.

முதல் அரைமணி நேரம் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். மார்ட்டினோடு போட்டி போட்டு டேவிட் கீரையை வாயில் திணித்துக்கொள்ள, முகம் ஒரு பக்கமாகத் தொங்கிப்போகுமே, அங்கே சிரிப்பு பட்டென்று நின்றது. ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அப்புறம் அந்த இறைச்சிச் சந்தை. பழைய ரோபோக்களை மேடையில் ஏற்றி, அமிலம் ஊற்றியும் பீரங்கியில் வைத்துச் சுட்டும் கூட்டம் கைதட்டி ரசிக்கிற இடம். எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு குடும்பம் அத்தோடு கிளம்பிவிட்டது. இதற்கு நடுவே ஜூட் லா வேறு வந்து சேர்ந்தார். அவர் ஏற்ற வேடம் ஜோ என்ற ஆண் பாலியல் ரோபோ. “அந்த மாமா என்ன வேலை பாக்குறாரு?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. “டான்ஸ் ஆடுறாரு” என்று அப்பா சமாளித்தார். பொய்யும் இல்லை, நன்றாகவே ஆடுவார்.

உச்சம் என்றால் அந்தப் போலி முடிவுதான். பினோக்கியோ கதையில் மரப் பொம்மையை நிஜப் பையனாக்குமே, அந்த நீலத் தேவதையின் சிலைக்கு முன்னால் கடலுக்கடியில் டேவிட் மாட்டிக்கொள்கிறான், தன்னை நிஜப் பையனாக்கச் சொல்லி வேண்டிக்கொண்டே இருக்கிறான், கதைசொல்லியின் குரல் வருகிறது, கேமரா விலகுகிறது. கூட்டம் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டது. அந்த நேரம் பார்த்து இரண்டாயிரம் வருடம் ஓடிவிட்டது என்கிறது குரல்! முனகிக்கொண்டே திரும்ப உட்கார்ந்தார்கள். 146 நிமிடப் படம், அதில் கடைசி இருபது நிமிடத்தைப் பாதிக் கூட்டம் நின்றபடியே பார்த்தது. அமெரிக்காவில் தியேட்டர் வாசலில் ரசிகர்களிடம் மதிப்பெண் வாங்கும் சினிமாஸ்கோர் இதற்கு ‘சி பிளஸ்’ கொடுத்ததாகப் பின்னால் படித்தேன். பெரிய இயக்குநர் படத்துக்கு அது மிகவும் குறைவு. எனக்கு ஆச்சரியமாக இல்லை.

உங்கள் கேள்விக்குப் பதில்: எங்கள் தியேட்டரில் கோபம் இயக்குநர் மேல்தான்.

—

கடைசியில் வருபவர்கள் வேற்றுக்கிரகவாசிகள் இல்லை!

இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலிக்கிறது. எத்தனை பேரோடு பார்த்தாலும் அந்த மெலிந்த, உயரமான, பளபளக்கும் உருவங்கள் வந்ததும், “என்னடா, ஏலியன் வந்துடுச்சு” என்று ஒருவர் ஆரம்பிப்பார். அவர்கள் ரோபோக்கள். டேவிட்டின் வம்சத்தில் பல தலைமுறை தாண்டி வந்தவர்கள். மனிதர்கள் அழிந்துபோய்விட்டார்கள், உயிரோடு மனிதர்களைப் பார்த்த ஒருவன் கிடைத்துவிட்டான் என்பதால்தான் டேவிட்டைப் பொக்கிஷமாகப் பார்க்கிறார்கள். கடைசியில் மிஞ்சப்போவது நாம்தான் என்று ஜூட் லா பாத்திரம் முன்பே சொல்லிவிடுகிறது. இது தெரிந்து பார்த்தால் முடிவு வேறு படமாகிவிடும். ஏலியன் என்று நம்பிப் பார்ப்பவருக்கு அது திடீர் வரம். ரோபோ என்று தெரிந்தவருக்கு, தங்களைப் படைத்தவர்களைத் தோண்டியெடுத்துத் தேடும் பிள்ளைகளின் கதை.

—

தலைப்பைத் தொடங்கியவன்தான் மறுபடியும். இயக்குநர் மேல் கோபம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த முடிவுக்காக ஸ்பீல்பெர்க் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமில்லை. இது இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் பல வருடம் வைத்திருந்த திட்டம். பிரையன் ஆல்டிஸ் 1969-ல் எழுதிய ஒரு சிறுகதையிலிருந்து கிளம்பியது. 1999 மார்ச்சில் குப்ரிக் இறந்த பிறகுதான் ஸ்பீல்பெர்க் கைக்கு முழுதாக வந்தது. உடனே எல்லோரும் பங்கு பிரித்துவிட்டார்கள்: கசப்பெல்லாம் குப்ரிக், சர்க்கரையெல்லாம் ஸ்பீல்பெர்க். ஆனால் குப்ரிக்கோடு உட்கார்ந்து கதையை வளர்த்த எழுத்தாளர் இயன் வாட்சன், அந்தக் கடைசிப் பகுதி தான் குப்ரிக்குக்காக எழுதியபடியே இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். டேவிட்டோடு கூடவே வரும் பேசும் கரடி பொம்மை டெடியும் குப்ரிக் யோசனைதான் என்கிறார் ஸ்பீல்பெர்க்.

மனம் மாறிய விமர்சகர்களும் உண்டு. ராஜர் ஈபர்ட் 2001-ல் மூன்று நட்சத்திரம் தந்தார். பத்து வருடம் கழித்துத் தன் மகத்தான படங்கள் வரிசையில் சேர்த்தார். 2016-ல் பிபிசி உலக விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில், இந்த நூற்றாண்டின் சிறந்த படங்களில் 83-வது இடம் கிடைத்தது.

—

நான் பிள்ளையைத் தத்தெடுத்த தாய். இந்தப் படத்தை மகளோடு பார்க்கலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். அவள் பத்தாம் வகுப்பு போன பிறகு, அவளாகவே எங்கிருந்தோ கேள்விப்பட்டு, “போடும்மா, பாக்கலாம்” என்றாள்.

மார்ட்டின் வீட்டுக்குத் திரும்பும் இடத்திலிருந்து நான் படத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். “சொந்தப் பிள்ளை” வந்ததும் மற்றவன் மெல்ல மெல்ல வீட்டுக்குள் அந்நியனாவது, மார்ட்டினைப் பிடித்தபடி நீச்சல் குளத்தில் தெரியாமல் விழுந்ததற்கு அவனைக் குற்றவாளி மாதிரிப் பார்ப்பது, எல்லாம் எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது. காட்டுக் காட்சியில் அவள் ரிமோட்டை எடுத்து நிறுத்தினாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

“அந்த கம்பெனியை யாருமே கேக்க மாட்டாங்களாம்மா?” என்றாள்.

“எதை?”

“நீ என்னைக் கூட்டிட்டு வர எத்தனை பேர் வந்து வீட்டைப் பாத்தாங்கன்னு சொல்லியிருக்க. எவ்வளவு பேப்பர், எவ்வளவு நாள். இவங்க வீட்ல பையன் சாகக் கிடக்கான், அழுதுட்டிருக்கிற அம்மாகிட்ட கொண்டுவந்து விட்டுட்டுப் போயிட்டாங்க. அவங்க வேணாம்னா அழிச்சுடுவோம்னு சொல்றாங்க. இதுக்கு யார் பெர்மிஷன் குடுத்தா?”

அப்புறம் மீதிப் படத்தையும் பார்த்தாள். முடிவு அவளுக்குப் பிடிக்கவில்லை. அந்த எதிர்கால ரோபோக்கள் ஒரே ஒரு நாளைக்கு அம்மாவை உயிரோடு கொண்டுவருவது, அதுவும் டேவிட்டைத் தவிர வேறு நினைவே இல்லாத அம்மாவை, அது அவனுக்குச் செய்த நல்லதா இல்லையா என்று இருவரும் இன்னும் சண்டை போடுகிறோம். அது மோனிக்காவே இல்லை என்பது அவள் கட்சி.

—

கரடியைப் பற்றி யாரும் பேசாதது அநியாயம்.

டெடிதான் படத்தில் புத்தியுள்ள ஒரே பாத்திரம். ஸ்டான் வின்ஸ்டன் பட்டறையில் செய்த நிஜ இயந்திர பொம்மை, ஜாக் ஏஞ்சலின் கரகரத்த குரல். டேவிட் வெட்டிய மோனிக்காவின் முடியைப் பத்திரமாக வைத்திருந்ததே டெடிதான். அந்த முடியிலிருந்துதான் கடைசியில் அவளை உயிர்ப்பிக்கிறார்கள்; அது இல்லாவிட்டால் அந்த ஒரு நாளே கிடையாது. என்னோடு பார்த்த பாட்டி, டேவிட்டும் மோனிக்காவும் கண்மூடிய பிறகு டெடி கட்டிலில் ஏறி உட்கார்வதைப் பார்த்துவிட்டு, “சரி, இதுங்க ரெண்டும் தூங்கிடுச்சு. கரடிக்கு யார் இருக்கா?” என்று கேட்டார். பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. அடுத்த நாள் காலையிலும் கேட்டார்.

வீட்டுச் சிறுவர்கள் பார்த்ததும் வேறு ரகம். ஆஸ்மென்ட் கண் சிமிட்டாமல் நடித்திருப்பதைக் கண்டுபிடித்து, யார் அதிக நேரம் இமைக்காமல் இருக்கிறார்கள் என்று போட்டி. கண்ணெல்லாம் சிவந்துபோய்ப் படுத்தார்கள்.

—

இப்போதைய பிள்ளைகள் எங்கே சிரிக்கிறார்கள் தெரியுமா? டாக்டர் நோ (Know) காட்சியில்.

டேவிட்டும் ஜோவும் காசு போட்டுக் கேள்வி கேட்கும் அந்தக் கார்ட்டூன் தலை. குரல் ராபின் வில்லியம்ஸ். நீலத் தேவதை எங்கே என்று கேட்டால் முதலில் ஒன்றுக்கும் உதவாத பதில்களாக வரும். பிறகு ‘உண்மைத் தகவல்’, ‘தேவதைக் கதை’ என்ற இரண்டு பிரிவையும் சேர்த்துக் கேட்கலாமே என்று யோசனை வந்து, அப்படிக் கேட்டதும் வேறு மாதிரி பதில் வரும். 2001-ல் எங்களுக்கு அது சும்மா ஒரு வேடிக்கை. போன வருடம் என் தங்கை மகன், “மாமா, ப்ராம்ப்டை மாத்திப் போடுறாங்க!” என்று கைதட்டினான். இப்போதைய ஏ.ஐ.யிடம் கேள்வியை மாற்றிக் கேட்பதைத்தான் சொல்கிறான்.

ஆனால் அவன்தான் அடுத்த அரைமணி நேரத்தில் கோபப்பட்டவனும். அந்தப் பதிலின் வழியாக டேவிட்டைத் தங்கள் பக்கம் இழுத்ததே ஹாபியின் ஆட்கள்தான் என்று தெரிகிறதே, அங்கே. “அப்போ அது அவனுக்கு ஹெல்ப் பண்ணலையா? கம்பெனிக்காகவா பேசுச்சு?” என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அதன் பிறகு பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்த டேவிட்கள் வரும் காட்சியில் அவன் பேசவே இல்லை. தலைப்பைத் தொடங்கியவருக்கு: ஹாபியைத் திட்டிய ஒருவனை நான் பார்த்துவிட்டேன், வயது பதினொன்று.

2024 டிசம்பரில் மாக்ஸி என்ற குழந்தைகளுக்கான துணை ரோபோவைச் செய்த நிறுவனம் மூடப்போவதாக அறிவித்தபோது, பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று பெற்றோர்கள் திண்டாடினார்கள். சர்வர் நின்றால் பேச்சும் நின்றுவிடும். அந்தச் செய்தியைப் படித்தபோது இந்தப் படத்தின் திருப்பித் தரும் விதிதான் ஞாபகம் வந்தது.

—

ஒரு சின்ன மறுப்பு. ஹாபிதான் முதல் குற்றவாளி, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக மோனிக்காவை முழுதாக விடுவித்துவிட வேண்டாம். அவள் புறப்பட்டது நிறுவனத்துக்குத்தான்; வழியில் மனசு கேட்காமல் காட்டுப் பக்கம் திரும்புகிறாள். கையில் காசு தருகிறாள், மனிதர்களிடம் போகாதே என்கிறாள், உலகத்தைப் பற்றி உனக்குச் சொல்லித் தரவில்லையே, மன்னித்துவிடு என்கிறாள். எனக்கு அந்தக் கடைசி வாக்கியம்தான் தாங்காது. சாவிலிருந்து அவனைக் காப்பாற்றியவளும் அவள்தான், ஓடி வருபவனைத் தள்ளிவிட்டு ஓடியவளும் அவள்தான். உங்கள் அத்தை கத்தியதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. ஹென்றிக்கும் சேர்த்துக் கத்தியிருக்கலாம், அவ்வளவுதான்.

—

பிள்ளைகளோடு பார்க்கலாமா என்று தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு: அமெரிக்காவில் இதற்குத் தந்த சான்று பிஜி-13, அதாவது 13 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கவனமாக இருக்க வேண்டும். என் கணக்கில் பத்து வயதுக்குக் கீழே வேண்டாம். அதற்கு மேலே என்றால் கூட உட்காருங்கள், இறைச்சிச் சந்தையைத் தாண்டி ஓட்ட நினைக்காதீர்கள். அங்கே டேவிட் தன்னை எரிக்க வேண்டாம் என்று கெஞ்ச, ரோபோ எங்காவது கெஞ்சுமா என்று கூட்டம் குழம்பி, நடத்துபவன் மேலேயே திரும்பி விட்டெறிய ஆரம்பிக்கும். என் பிள்ளைகள் படம் முழுக்கக் கைதட்டியது அந்த ஒரு இடத்தில்தான்.