தாலாட்டையும் ஒப்பாரியையும் விட்டுவிட்டு நம் நினைவுப் பாடல்களா?

பொகவந்தலாவைப் பேரன் எழுதியது:

கடந்த இரண்டு வாரங்களாக நண்பர்கள் தமக்குப் பிடித்த பாடலையும் அதனோடு ஒட்டிக் கிடக்கும் நினைவையும் இங்கே எழுதி வருவதை ஒன்று விடாமல் வாசித்தேன். சிலவற்றை வாசித்தபோது கண் கலங்கியதையும் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் ஒரு குறை என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. எழுதியவர்கள் அனைவரும் இலங்கை மலையகத்தவர்கள். எழுதப்பட்ட பாடல்கள் அனைத்தும் சென்னையில் ஒலிப்பதிவான திரைப்பாடல்கள். லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்த நமக்கு ஒரு தாலாட்டுக்கூடவா நினைவில் இல்லை?

என் அப்பாயி மலையிலிருந்து இறங்கி வந்ததும் இடுப்பில் கட்டிய படங்குத் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, அட்டை கடித்த கணுக்காலில் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவியபடியே, இன்னொரு கையால் சேலைத் தொட்டிலை ஆட்டிப் பாடுவார். தாய்மாமன்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொரு மாமனும் ஒவ்வொரு ஊரிலிருந்து ஒரு சீர் கொண்டுவருவார். இடையிலே கோப்பிக்காடு வரும். அப்பாயி தம் வாழ்நாளில் ஒரு கோப்பித் தோட்டத்தையும் கண்டதில்லை. கண்டிக்கு அருகே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் முதல் வணிகத் தேயிலைத் தோட்டத்தைப் போட்டது 1867 இல். 1869 இல் தலைகாட்டிய இலைநோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியைத் துடைத்தெடுத்துவிட்டது. அப்படியானால் அந்த ஒரு சொல், எழுத்தறியாத பெண்களின் வாய்வழியாகவே தலைமுறைகளைக் கடந்து என் தம்பியின் தொட்டிலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தோட்டங்களில் வழங்கிய பாடல்களை மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தேடித் திரட்டி அச்சேற்றினார். அவருக்கு இருந்த அக்கறையில் ஒரு பங்காவது நமக்கு இருந்தால், நினைவுப் பாடல் என்றதும் சினிமாவை நோக்கி மட்டும் ஓடமாட்டோம்.

பதுளை ஆசிரியை எழுதியது:

தம்பியின் ஆதங்கம் எனக்கும் உண்டு. அவர் சொல்லும் தீர்ப்பைத்தான் ஏற்க முடியவில்லை.

எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பராக்கள் (அறை வீடுகள்), ஒரே ஒரு வானொலிப் பெட்டி. இடைச்சுவர்கள் கூரைவரை எழும்பாததால் முதற் காம்பராவில் பாடுவது கடைசிக் காம்பராவரை கேட்கும். பெற்றரி தளர்ந்துவிட்டால் புதிதாக வாங்கச் சம்பள நாள் வரவேண்டும். அதுவரை பழைய பெற்றரிகளை வெயிலில் பரப்பியும், மழைக்காலமானால் அடுப்பங்கரையில் வைத்துச் சூடுகாட்டியும், ஒரு பாட்டுக்காவது உயிர் வரவழைப்போம். இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனன் காலத்தை நான் அறியேன். கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் ராஜேஸ்வரி சண்முகமும் எங்கள் வீட்டு மனிதர்கள். 'இசையும் கதையும்' நிகழ்ச்சிக்கு நேயர்கள் எழுதியனுப்பிய கதைகளில் திரைப்பாடல்களைக் கோத்து ஒலிபரப்பினார்களே, பாட்டையும் வாழ்க்கையையும் சேர்த்துச் சொல்லும் பழக்கத்தை நாங்கள் அங்கேதான் கற்றோம்.

எனக்கு ஏழு வயதானபோது, எழுதத் தெரியாத என் அம்மா, பக்கத்துக் காம்பரா அண்ணனிடம் சொல்லி எழுதுவித்து, பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சிக்கு ஓர் அஞ்சலட்டை அனுப்பினார். அந்தக் காலை லயமே வானொலி இருந்த வாசலில் கூடியது. என் பெயர், அப்பா அம்மா பெயர், தோட்டத்தின் பெயர், பிறகு பி. சுசீலாவின் குரலில் ஒரு பாட்டு. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான குடும்பம் எங்களுடையது. வாக்காளர் இடாப்பில் எங்கள் வீட்டார் ஒருவரின் பெயரும் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டுப் பெயர்களை இந்நாட்டின் வானொலி உரக்கச் சொன்னது. அந்தப் பாட்டைச் சென்னைப் பாட்டு என்று ஒதுக்கிவைக்கும்படி தம்பி கேட்கிறார், என்னால் இயலாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1950களில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைப் பெரிதும் ஒதுக்கியிருந்த காலத்தில், தமிழ்நாட்டு மக்களே இலங்கை வானொலிக்குத் தம் பெட்டிகளைத் திருப்பினார்கள். பாட்டு அங்கே பிறந்திருக்கலாம். அதை மாய்ந்து மாய்ந்து கேட்கும் பழக்கம் இந்தத் தீவிலும் வளர்ந்தது.

பொகவந்தலாவைப் பேரன் எழுதியது:

அக்கா, அந்த அஞ்சலட்டை நினைவின் முன்னால் நான் வாதாடப் போவதில்லை. ஆனால் நினைவு உங்களுடையது என்பதனால் பாட்டும் உங்களைப் பற்றியது ஆகிவிடுமா? அந்தப் பாட்டில் பெரட்டுக்களம், காலையில் வேலை பிரிக்கும் இடம், உண்டா? கொழுந்து நிறுக்கும்போது தராசுமுள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பெண்ணின் நெஞ்சுத் துடிப்பு உண்டா? கங்காணியின் அதட்டலும், பாதிப் பேர் (அரைநாள் சம்பளம்) போட்டுவிட்ட நாளின் கண்ணீரும் நாட்டார் பாட்டில் மட்டுமே இருக்கின்றன. தொழிற்சங்கப் போராளி மீனாட்சியம்மை நடேசய்யர் மேடையேறிப் பாடியே தொழிலாளருக்கு அரசியல் சொன்னார். அவருடைய பாட்டுப் புத்தகம் 1940 இல் வெளிவந்தது. நம்மைப் பற்றி நாமே பாடிய மரபு இத்தனை வலுவாக இருக்கும்போது, அடுத்தவர் எழுதிக்கொடுத்த காதல் வரியில் நம் வாழ்வைத் தேடுவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

தப்புக்காரர் மகன் எழுதியது:

இதுவரை இங்கே வாசித்ததோடு சரி, எழுதியதில்லை. பேரனின் கேள்வி என்னை எழுத வைத்துவிட்டது.

என் அப்பா காமன் கூத்துக்கு, மன்மதன் எரிந்த கதையை ஆடும் அந்தக் கூத்துக்கு, தப்பு என்னும் பறையை அடித்தவர். மாசி மாதம் காமன் ஊன்றிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் பேச்செல்லாம் அதைப் பற்றியதாகவே இருக்கும். இரவில் அப்பா சருகைக் கொளுத்தி, அந்தத் தீயில் தப்பைப் பக்கம் மாற்றிப் பக்கம் மாற்றிக் காய்ச்சி, விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். குளிரில் தளர்ந்த தோல் இறுகி அவருக்குத் திருப்தியான ஓசை வரும்வரை ஒருவரும் பாடத் தொடங்க முடியாது. காமன் எரிந்தபிறகு ரதி புலம்பும் இடத்தில் அடியை அவர் எவ்வளவு மெதுவாக்குவார் என்பதை இன்றும் என் விரல்களால் மேசையில் தட்டிக்காட்ட முடியும்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் அதை நான் ஒருநாளும் சொன்னதில்லை. தப்படிப்பவன் மகன் என்றால் எந்தச் சாதி என்பது வகுப்பில் அனைவருக்கும் உடனே தெரிந்துவிடும். பிடித்த பாட்டு எது என்று ஆசிரியர் கேட்டபோது, நான் டி.எம். சௌந்தரராஜன் பாடிய ஒன்றைச் சொன்னேன். மற்ற பிள்ளைகளும் அதே பாட்டைத்தான் சொன்னார்கள். அன்று அவர்களோடு ஒரே வாங்கில் சமமாக உட்கார்ந்ததுபோல் இருந்தது. வானொலி என்னிடம் சாதி கேட்கவில்லை. நாட்டார் பாட்டை ஏன் மறந்தீர்கள் என்று கேட்கிறவர்கள், அதைச் சொல்லத் துணிவதற்குச் சிலர் கொடுக்க வேண்டியிருக்கும் விலையையும் சேர்த்தே எண்ணிப் பார்க்கவேண்டும். நான் மறக்கவில்லை. மறைத்தேன்.

ஹட்டன் வாசகர் எழுதியது:

ஒப்பாரியைப் பற்றி மட்டும் ஒரு சொல். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அடித்துச் சொல்வார்கள்; விளையாட்டுக்கு முணுமுணுத்த பிள்ளைகளுக்கு அடியும் விழுந்திருக்கிறது. விரும்பிக் கேட்கும் பாட்டுகளின் வரிசையில் அது இல்லாததை அலட்சியம் என்று கொள்வது தவறு. நாங்கள் அதற்கு அஞ்சுகிறோம்.

கோத்தகிரி மகள் எழுதியது:

ஹட்டன் வாசகர் சொல்வது உண்மை. ஆனால் சாவே இல்லாமல் ஒப்பாரி பாடிய காலம் ஒன்று இருந்தது.

1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் நாடற்றவர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்றும், 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவது என்றும் கணக்குப் போட்டது. எங்கள் குடும்பம் முதற்கணக்கில் விழுந்தது. என் பெரியம்மாவின் குடும்பம் அங்கேயே தங்கியது. இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் தலைமன்னாருக்குப் போகும் புகையிரதத்தை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றே அழைத்தார்கள். நான் அப்போது சிறுபிள்ளை. சன்னலுக்கு உள்ளே என் அம்மா, வெளியே மேடையில் பெரியம்மா. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, உயிரோடிருக்கும் ஒருவரையொருவர் இறந்தவரைப்போல் விளித்துப் பாடினார்கள். கோச்சி நகர்ந்தபோது பெரியம்மா கூடவே ஓடி வந்தார். பாட்டு பாதி வரியில் அறுந்தது. அந்த வரியின் மீதியை அம்மா பாடி நான் கேட்டதே இல்லை.

பிறகு நீலகிரித் தேயிலைக் காட்டில் எங்களுக்கு வேலை கிடைத்தது. வந்த முதல் ஆண்டிலேயே அம்மா தம் மூக்குத்தியை அடகு வைத்து ஒரு வானொலிப் பெட்டி வாங்கச் சொன்னார். அதில் அவர் தேடியது இலங்கை நிலையத்தை. திரைப்பாடல் எந்த நிலையத்திலும் கிடைத்தது. ஆனால் அந்த அறிவிப்பாளர்களின் தமிழ், நேரத்தைச் சொல்லும் முறை, பிறந்தநாள் வாழ்த்தில் வரும் தோட்டப் பெயர்கள் ஆகியவை அங்கே மட்டுமே கிடைத்தன. பெரியம்மா தோட்டத்தின் பெயர் வருமா என்று அம்மா தினமும் காத்திருப்பார். இப்போது சொல்லுங்கள், அந்தப் பெட்டியில் கேட்டது யாருடைய பாட்டு? பேரனின் பக்கம் நிற்பதா, ஆசிரியை அக்காவின் பக்கம் நிற்பதா என்று எனக்குத் தெரியவில்லை. என் வீட்டில் இரண்டு பாட்டும் ஒரே இழப்பிலிருந்து வந்தவை.

பதுளை ஆசிரியை எழுதியது:

தங்கச்சி எழுதியதை வாசித்தபின், முதலில் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. நான் குறிப்பிட்ட அந்தச் சுசீலா பாட்டின் மெட்டிலேதான் என் அம்மா என் தங்கையைத் தூங்கவைத்தார். மெட்டு மட்டுமே சினிமாவினுடையது. நிலவு வரவேண்டிய இடத்தில் பிள்ளைக் காம்பரா (தோட்டத்துக் குழந்தை காப்பகம்) வரும். காதலன் வரவேண்டிய இடத்தில் ஆயம்மா வருவார். விடியுமுன் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு மலைக்குப் போன தாய், இருட்டியபின் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கும் பாட்டாக அது மாறியிருந்தது. பேரன் தம்பி தேடும் பெரட்டும் அதில் உண்டு. இதை நாட்டார் பாட்டு என்பதா, திரைப்பாட்டு என்பதா? அப்பாயியின் பாட்டுக்கும் ஆதியில் எங்கோ ஒரு கடன் வாங்கிய மெட்டு இருந்திருக்கக்கூடும் அல்லவா?

பொகவந்தலாவைப் பேரன் எழுதியது:

தப்புக்காரர் மகன் அண்ணனிடம் முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். மறதி என்று நான் எளிதாகச் சொல்லிவிட்ட இடத்தில் இத்தனை காயம் இருக்கும் என்று எண்ணவில்லை.

ஆனாலும் என் கவலை தீரவில்லை, அக்கா. சுசீலாவின் பாட்டு எங்கும் போய்விடாது. இசைத்தட்டில், ஒலிநாடாவில், கைப்பேசியில் அது இருக்கும். உங்கள் அம்மா மாற்றிப்போட்ட சொற்கள் உங்களிடமும் உங்கள் தங்கையிடமும் மட்டுமே இருக்கின்றன. நீங்கள் இங்கே பாட்டின் நினைவை எழுதினீர்கள். அந்தச் சொற்களை எழுதவில்லை. எனக்கு வேண்டியது அந்தச் சொற்கள்.

என் நிலையையும் சொல்லிவிடுகிறேன். அப்பாயி பாடியதில் ஐந்து மாமன்கள் உண்டு. எனக்கு நால்வரின் ஊர்தான் தெரியும். நான்காமவன் சந்தனக் கட்டை கொண்டுவந்த ஊர் நினைவில் இல்லை. கேட்க அப்பாயியும் இல்லை. அந்த ஓரிடம் வெற்றாக இருப்பதாலேயே இத்தனை நாள் நானும் அதை முழுதாக எழுதாமல் வைத்திருந்தேன்.

கோத்தகிரி மகள் எழுதியது:

உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சந்தனக் கட்டை என்றதும் நிறுத்தச் சொன்னார். அவர் அறிந்த பாட்டில் அந்த மாமன் கொண்டுவருவது வெள்ளிக் கிலுகிலுப்பையாம்; ஊர் பெயரோடு அந்த அடியை இரண்டு முறை பாடினார், நான் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கிறேன். உங்களுடைய பாட்டுத்தானா என்று தெரியாது. ஞாயிறு மாலை அழையுங்கள் தம்பி, உங்களுக்குத் தெரிந்த நால்வரையும் நீங்கள் அவரிடம் பாடிக்காட்டவேண்டுமாம்.